ஏலக்காரரிடம் ‘சத்தம் போட வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு

கண்புரையையும் குளுக்கோமாவையும் ஒரே தடவையில் அறுத்துச் சரிசெய்கிறபோது முடிவுகளை எப்படி மேம்படுத்தலாம் என்று பேசச் சொல்லி, கண் வைத்தியம் படிக்கிற நீங்கள் கேட்டதும், நான் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். ஓய்வுபெற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தால், உங்களுக்குத் தெரியாததாக என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கே வெட்டுவது, எத்தனை தையல், எந்த மருந்தை எவ்வளவு நேரம் வைப்பது என்பதெல்லாம் உங்கள் கைத்தொலைபேசியிலேயே படமாக ஓடுகிறது. என்னிடம் இருப்பது நான் கெடுக்கப் பார்த்த ஒரு கண்தான். அதைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளத்துக் கரையில் ஓர் அரசாங்க ஆசுப்பத்திரியின் கண் பிரிவில் நான் இருந்தேன். எங்கள் குடும்பம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தது. கல்பிட்டிப் பக்கத்து ஆட்களுக்கு அது பெரிய விசயமில்லை. ஆனால் நோயாளிகள் கதிரையில் உட்கார்ந்ததும் ஊரைக் கேட்பார்கள், மன்னார் என்று சொன்னதும் “அங்கத்த மீனை விட எங்கட மீன் ருசிதானே?” என்று கேட்பார்கள். நான் ஓம் என்றால்தான் கண்ணைக் காட்டுவார்கள். வாப்பா உயிரோடு இருந்திருந்தால் என்னை மன்னித்திருக்க மாட்டார்.

அப்படி ஒரு காலையில் கண்டக்குழியிலிருந்து ஹனீபா வந்தார். வயது அறுபது இருக்கும். கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். கதவுக்கு வெளியே அவர் தன் இலக்கத்தைச் சொன்னபோதே உள்ளே மேசையில் இருந்த தண்ணீர்க் குவளை அதிர்ந்தது. காற்றும் அலையும் இரைகிற கரையில் நாற்பது வருடம் கத்தியவருக்கு மெல்லப் பேசுகிற பழக்கம் எங்கிருந்து வரும்? கூடவே மனைவி ஜெசீமா. சிறிய உருவம், கையில் பெரிய பை. அவர் வாயைத் திறந்து பாதி வசனம் சொல்வதற்குள் ஹனீபா மீதியைச் சொல்லி முடித்துவிடுவார். பெரும்பாலும் பிழையாக.

“டொக்டர் நோனா, கண்ணுல புரை. அத எடுத்து விடுங்க. பக்கத்து ஊட்டு மனிசன் எடுத்து அடுத்த நாளே பேப்பர் வாசிச்சாரு. எனக்கும் அதே மாதிரி ஒண்டு போடுங்க.”

“இவருக்கு பக்கத்துல நிக்கிற ஆக்கள...” என்று தொடங்கினார் ஜெசீமா.

“பக்கத்துல நிக்கிற ஆக்கள் சும்மா நிக்கிறாங்க நோனா. வாங்கிறதுமில்ல, கேக்கிறதுமில்ல. அது வேற கதை.”

அது வேற கதை இல்லை. அந்த நோயின் முழுக் கதையும் அதுதான். ஆனால் எனக்கு அது அப்போது விளங்கவில்லை. நான் கண்ணைப் பார்த்தேன். வலக்கண் போய்விட்டிருந்தது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். இடக்கண்ணில் புரை இருந்தது உண்மைதான். ஆனால் அழுத்தம் முப்பத்துநான்கு. பின்னால் நரம்பைப் பார்த்தால் குழி விழுந்து வெளுத்துக் கிடந்தது. வீட்டு அலுமாரிக்குள் சொட்டு மருந்துப் போத்தல்கள் இருக்கின்றன, யாரோ எப்போதோ தந்தது, கரிச்சதால் விடவில்லை என்றார். குளுக்கோமா ஒரு கண்ணைத் தின்று முடித்துவிட்டு மற்றதில் பாதியில் நின்றது.

பக்கப் பார்வையை அளக்கிற இயந்திரத்தில் அவரை உட்கார வைத்தோம். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அமத்த வேண்டும். முதல் தடவை வந்த படம் குப்பைக்குப் போனது. வெளிச்சம் வருவதற்கு முன்பே அமத்தியிருந்தார். கேட்டால், “அவன் எங்க வருவான்டு எனக்குத் தெரியும் நோனா” என்றார். கை தூக்குவதற்கு முன்பே ஆளின் முகத்தைப் பார்த்து விலையைப் பிடித்துப் பழகியவர். இரண்டாம் தடவை எங்கள் சிஸ்டர் பின்னால் நின்று, “ஐயா, இது ஏலம் இல்ல, காட்டினாப் பொறகு மட்டும்” என்று தோளில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த சிஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. தமிழைத் தன் பாட்டுக்கு வளைத்துப் பேசுவார். பெயரைச் சொன்னால் கோபிப்பார், ஆகவே சொல்லவில்லை. நீங்கள் என்னை ஆசிரியை என்று கூப்பிடுகிறீர்கள். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர்களில் பாதிப் பேர் பட்டம் பெற்றவர்கள். மீதிப் பாதி அவர் ஒருவர்தான்.

படம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் கறுப்பு. நடுவிலும் இடப்பக்கத்திலும்தான் பார்வை மிஞ்சியிருந்தது. நான் அதை மேசையில் வைத்து, “இந்தக் கறுப்பு இருக்கிற இடத்தில் நிற்கிறது எதுவும் உங்களுக்குத் தெரியாது” என்று விளக்கினேன். ஹனீபா அந்தப் படத்தை அழுகிய மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஜெசீமா குனிந்து விரலால் அந்தக் கறுப்பைத் தொட்டார்.

“நோனா, கரையில நிண்டா இது எந்தப் பக்கம்?”

“அவருடைய வலப்பக்கம்.”

“லொறி நிக்கிற பக்கம்.” விரல் அந்தக் கறுப்பிலேயே இருந்தது. “அப்ப எங்கட காக்கா நிண்டது இந்தக் கறுப்புக்குள்ள.”

பிறகுதான் விசயம் வெளியே வந்தது. காக்கா என்றது ஜெசீமாவின் அண்ணன் நிலாமை. அவர் மீன் வியாபாரி. தன் லொறியில் சாய்ந்தபடி நின்று, வாயைத் திறக்காமல் விரலைத் தூக்கி விலை கேட்பார். அப்படிக் கேட்பதில் ஒரு பெருமை. மூன்று வருடமாக அந்த விரலை ஹனீபா கண்டுகொள்ளவே இல்லை. நிலாம் கேட்கக் கேட்க, மீனை மற்றவர்களுக்கு அடித்துக் கொடுத்தார். தங்கச்சி புருசன் வேணுமென்றே அவமானப்படுத்துகிறான் என்று நிலாம் பேச்சை விட்டார். பெருநாளைக்குக்கூட இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. இடையில் நின்றவர் ஜெசீமா.

அடுத்த கிளினிக்குக்கு அவர் அண்ணனையும் இழுத்துக்கொண்டு வந்தார். நிலாம் வாசலிலேயே நின்றார். இயந்திரப் படத்தையெல்லாம் தான் நம்புவதில்லை என்றார். தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

நிலாம் பார்க்கட்டுமா என்று ஜெசீமா ஹனீபாவைக் கேட்டார். “பாத்துட்டுப் போகட்டும்” என்றார் ஹனீபா, தலையைத் திருப்பாமல். நான் அவரை நேரே என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். நிலாம் மெல்ல வந்து அவருக்கு வலப்பக்கம் நின்றார். ஒரு விரலைத் தூக்கினார். ஹனீபா என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல். முழுக் கையையும் ஆட்டினார். பிறகு, ஆளைச் சோதிக்க வேண்டுமே என்று, நாக்கைத் துருத்தி ஒரு கோணல் முகம் காட்டினார். ஐம்பத்தைந்து வயது ஆள், தொப்பியோடு. சிஸ்டர் சிரிப்பை அடக்க மருந்து அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஹனீபாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

நிலாமின் கை கீழே இறங்கியது.

“மச்சான்,” என்றார். “நீ என்னப் பாக்காம இருக்கல்ல. உனக்குத் தெரியாமத்தான் இருந்திரிக்கி.”

ஹனீபா திடுக்கிட்டுத் திரும்பினார். “நீ இங்கதான் நிக்கிறியா? எப்ப உள்ளுக்கு வந்த?”

“இப்பயும் இங்கதான். கரையிலயும் இங்கதான். மூணு வருசமா.”

“வல்லாஹி, நீ என்ட ஏலத்துக்கு வாரதையே விட்டுட்டா எண்டுதான் நான் நெனச்சன்! அதுக்குத்தான் நானும் கதைக்கல்ல!”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இரண்டு பேருமாக ஜெசீமாவைத் திரும்பிப் பார்த்தார்கள், நீ ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்பதுபோல. அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தப் பொறுமை எனக்கு இருந்திருக்காது.

இனி என் பங்கு. புரையை மட்டும் எடுத்திருக்கலாம். அவர் கேட்டதும் அதுதான், பேப்பரும் வாசித்திருப்பார். ஆனால் புரை அறுவைக்குப் பின் அழுத்தம் ஏறக்கூடும், அந்த நரம்பு அதைத் தாங்காது. முதலில் அழுத்தத்தைக் குறைக்க வடிகால் செய்து, மாதங்கள் கழித்துப் புரைக்கு வா என்றால், அவர் இரண்டாம் தடவை வரமாட்டார் என்பது எனக்கு நிச்சயம். ஒரே கண். ஒரே தடவையில் இரண்டையும் செய்வது என்று முடிவெடுத்தேன். கண்ணுக்குள் எப்போதும் நீர் ஊறுகிறது, அது போகிற வழி அடைத்துவிட்டது, மேலிமைக்குக் கீழே மறைவாக ஒரு புது வழி வெட்டுவோம் என்று சொன்னேன். ஜெசீமா, “உப்பளத்து மடை மாதிரி” என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னேன்.

“புரை போனால் நடுவில் தெளிவாகும். இந்தக் கறுப்பு திரும்ப வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் வடிகால்” என்று மூன்று தரம் சொன்னேன். ஹனீபா மூன்று தரமும் ஓம் என்றார். பிறகு, “அப்ப கறுப்பு எப்ப போகும்?” என்று கேட்டார். நான்காம் தரமும் சொன்னேன். இதில் மட்டும் நான் சரியாக நடந்துகொண்டேன். முடிவை மேம்படுத்துகிற முதல் வேலை, எது முடிவு என்று நோயாளியோடு ஒத்துக்கொள்வது. பக்கத்து வீட்டுக்காரரின் கண் உங்கள் நோயாளியின் மனதில் எப்போதும் உட்கார்ந்திருக்கும். அதை இறக்கி வைக்காமல் கத்தியைத் தொடாதீர்கள்.

அறுவை நன்றாகப் போனது. மறுநாள் கட்டு அவிழ்த்தபோது அட்டையில் ஐந்து வரி வாசித்தார். அழுத்தம் பன்னிரண்டு. வாட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, “சிஸ்டர்ட சட்டைப் பொத்தான் ஒண்டு கழண்டிரிக்கி!” என்று அறிவித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் பேனையை எடுத்தேன். புதிதாக வெட்டிய கண். முக்கினாலும் கத்தினாலும் தலையில் அழுத்தம் ஏறி உள்ளே இரத்தம் கசியலாம். வெளியே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். நான் எழுதிக்கொண்டே ஒரே மூச்சில் சொன்னேன்:

“குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, முக்கக் கூடாது, தொழுகை கதிரையில் இருந்து. முக்கியமாக, சத்தம் போடவே கூடாது. ஒரு மாதத்துக்கு வாயே திறக்க வேண்டாம்.”

கடைசி வசனம் பகிடி. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் நான் முகமூடி போட்டிருந்தேன். சிரித்தது யாருக்குத் தெரியும்?

நாலாம் நாள் வந்தார்கள். ஜெசீமா பூரித்துப் போயிருந்தார். “நோனா, முப்பது வருசத்துல முதல் தரம் எங்கட ஊட்டுல எனக்கு ஒரு வசனத்த முடிக்கக் கிடைச்சிரிக்கி. மாஷா அல்லாஹ், இவரு ஒரு சொல்லுக் கதைக்கல்ல. நான் உங்களுக்கு துஆ கேக்கிறன்.”

நானும் சந்தோசப்பட்டேன். இவ்வளவு கீழ்ப்படிவான நோயாளியா! கண்ணின் அழுத்தத்தை அளந்தேன். ஏழு. முப்பத்துநான்கிலிருந்து ஏழு. எனக்கு உள்ளுக்குள் ஏதோ பாடியது. பக்கத்தில் நின்ற இளம் டொக்டரைக் கூப்பிட்டு அந்த இலக்கத்தைக் காட்டினேன். ஹனீபா தன் கண்ணைக் காட்டி, பிறகு வாயைக் காட்டி, கையை விரித்தார். பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் கையை விரித்துக் காட்டினேன். “எப்படி, சுகமா?” என்று ஜெசீமாவிடம் கேட்டேன். “ஒரு குறையுமில்ல நோனா” என்றார் அவர். “நாலு நாளில் வாங்க” என்று அனுப்பிவிட்டேன்.

பிள்ளைகளே, அழுத்தம் கூடினால் நாங்கள் எல்லோரும் ஏன் என்று கேட்போம். குறைந்தால் கேட்பதில்லை. குறைந்தது எங்கள் கைத்திறமை என்று எழுதிவைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஏழானதற்கு என் திறமை காரணமில்லை. ஒரு தையல் தளர்ந்து, கண்ணின் நீர் வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு துளி சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். இலக்கம் அழகாக இருந்ததால் நான் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் அவர் உள்ளே வந்தபோது சிஸ்டர்தான் முதலில் கண்டார்.

“டொக்டர், ஐயாட சேட் கொலர் நனைஞ்சு. இடப்பக்கம் மட்டும். வேர்வை எண்டா ரெண்டு பக்கமும்தானே?”

பிறகு அவர் ஹனீபாவின் பக்கம் குனிந்து, நான் எட்டு நாளாகக் கேட்காத கேள்வியைக் கேட்டார். என்னைப்போல மனைவியிடம் கேட்கவில்லை.

“ஐயா, கண்ணுல தண்ணி வடியுதா?”

ஹனீபா தலையை ஆட்டினார்.

“எத்தின நாளா?”

ஐந்து விரலைக் காட்டினார்.

“பார்வை?”

கையை முகத்துக்கு முன்னால் பிடித்து, புகைபோல அசைத்தார்.

நான் அட்டையைக் காட்டினேன். மேல் வரி மட்டும்தான். அழுத்தம் மூன்று. சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். வெட்டின ஓரத்திலிருந்து மெல்லிய ஓடை ஒன்று சாயத்தைக் கழுவிக்கொண்டு இறங்கியது. கண்ணுக்குள் நீர் நிற்கிற முன்னறை சப்பையாகத் தொடங்கியிருந்தது. இருக்கிற ஒரே கண்.

“ஏன் நீங்கள் சொல்லவில்லை?” என்று கேட்டேன். என் குரல் ஏறியிருந்தது.

ஹனீபா என்னைச் சுட்டிக் காட்டினார். பிறகு சுட்டுவிரலைத் தன் உதட்டில் வைத்தார்.

“கதையுங்கோ, இப்ப கதைக்கலாம்” என்றேன்.

எட்டு நாள் பூட்டியிருந்த குரல், காற்றுப்போல வந்தது. “நீங்கதானே நோனா வாய் திறக்க வேணாம் எண்டீங்க. போன முறை காட்டினன்தானே. நீங்களும் கைய விரிச்சீங்க. அப்ப இது இப்படித்தானாக்கும் எண்டு நெனச்சன்.”

ஜெசீமா சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினார். “நான்தான் அவருக்குப் பதிலா கதைச்சன். ஒரு குறையுமில்ல எண்டன். சும்மா கதைக்கக் கிடைச்ச ஆசையில...”

“அழாதீங்க, கேட்க வேண்டியது நான்” என்றேன். அது உபசாரத்துக்குச் சொன்னதில்லை.

உடனே தியேட்டரைத் திறக்கச் சொன்னேன். இப்போதே தையல் போட வேண்டும் என்று கையுறையைத் தேடினேன். சிஸ்டர் கையுறைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“டொக்டர், முதல்ல தேத்தண்ணி ஒண்டு குடிங்க. இப்ப தையல் போடுறது ஐயாட கண்ணுக்கா, உங்கட மனசுக்கா?”

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் அதிகமாகவே வந்தது. தேத்தண்ணி குடித்தேன். திரும்பப் போய், அவசரமில்லாமல், விளக்கில் பார்த்தேன். முன்னறை ஆழம் குறைந்திருந்ததே தவிர மூடவில்லை. எங்களுக்கு நேரம் இருந்தது. காயத்தை மூடுகிற பெரிய கட்டு வில்லை ஒன்றை, கொன்டக்ட் லென்ஸ்போல, கண்ணில் வைத்து, மருந்தை மாற்றி, வாட்டில் படுக்க வைத்தோம். பல ஒழுக்குகள் அப்படியே மூடிவிடும்.

ஹனீபாவுக்கு மெல்லிய குரலில் கதைக்க அனுமதி கொடுத்தோம். அந்த இரண்டு நாளும் அவர் நிறுத்தவில்லை. எட்டு நாளும் வீட்டில் யார் என்ன பிழையாகச் சொன்னார்கள், தான் எங்கெங்கே திருத்த நினைத்தார் என்பதை வரிசைப்படி சொன்னார். குரல் மெலிதாக இருந்ததால் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். மருந்து விடப் போகிற தாதி அரை மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பி வருவார்.

ஆனால் ஒழுக்கு மூடவில்லை. மூன்றாம் நாள் காலை முன்னறை இன்னும் சப்பையாகியிருந்தது. இப்போது தையல் அவருடைய கண்ணுக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது. சிஸ்டரே கையுறையை எடுத்து நீட்டினார்.

ஊசி போட்டு மரக்கச் செய்துதான் வேலை, ஆள் விழிப்பாகத்தான் இருப்பார். வெட்டை மூடுகிற சவ்வு நனைந்த காகிதம்போல இருந்தது. ஊசி உள்ளே இருக்கும்போது தலை அசைந்தால் கிழிந்துவிடும். இந்த முறை நான் ஒரே மூச்சில் எதையும் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சிஸ்டர் உங்கட கையைப் பிடிச்சிருப்பாங்க. வலிச்சால் ஒரு தரம் அமத்துங்கோ. இருமல் வருமாப்போல இருந்தால் ரெண்டு தரம். இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கோ.”

“ஒண்டு வலி, ரெண்டு இருமல்.”

“கதைக்கலாமா?” என்று சோதித்துக் கேட்டேன்.

“தலைய ஆட்டாமக் கதைக்கலாமா எண்டு நீங்கதான் சொல்லணும்.”

“வேண்டாம். தையல் முடியும் வரைக்கும் மட்டும். முடிஞ்சதும் கதைக்கலாம்.”

“அப்ப அந்த ‘மட்டும்’ முக்கியம் நோனா. போன முறை அதச் சொல்லல்ல.”

முதல் தையல் விழுந்தது. இரண்டாவதுக்கு ஊசியின் நுனி சவ்வைத் தொட்டு உள்ளே போகப் போகிற நேரம். சிஸ்டர், தலையை நிமிர்த்தாமல், “ரெண்டு” என்றார். நான் ஊசியை வெளியே எடுத்துக் கையைத் தூக்கினேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த மனிதர் இருமினார் பாருங்கள், நாற்பது வருடக் கரைக்காற்றும் சுருட்டும் சேர்ந்த இருமல். மேசை ஆடியது, விளக்கு ஆடியது. மூன்று முறை. நான் கையைத் தூக்கியபடி கல்போல நின்றேன். ஊசி உள்ளே இருந்திருந்தால் என்று நினைக்க நேரமிருக்கவில்லை, பிறகுதான் நினைத்தேன், இன்னும் நினைக்கிறேன்.

துணிக்குக் கீழேயிருந்து அவருடைய குரல் வந்தது. “இதுக்கு மட்டும் மன்னிச்சுக்கோங்க. முடிஞ்சிது, நீங்க தொடங்குங்க.”

இரண்டாவது தையலும் விழுந்தது. சாயம் விட்டுப் பார்த்தோம். ஓடை இல்லை. சிஸ்டர் தன் கையை உதறிக்கொண்டே, “அனே டொக்டர், அடுத்த முறை இருமலுக்கு ஒண்டு, வலிக்கு ரெண்டு எண்டு வைப்போம். இந்த ஐயாவுக்குப் பிடி பலம்” என்றார். அவருடைய விரல்கள் சிவந்திருந்தன.

கண் தேறியது. வாரங்கள் போக அழுத்தம் பதின்மூன்றில் நின்றது, ஆறு வரி வாசித்தார். பக்கப் பார்வைப் படத்தைத் திரும்ப எடுத்தோம். கறுப்பு அப்படியே இருந்தது, ஒரு புள்ளிகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதுதான் வெற்றி என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. “கூடல்லதானே, அல்ஹம்துலில்லாஹ்” என்று அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் சில பழக்கங்கள் மாறின. கூடாது என்று எதைச் சொன்னாலும், எதுவரைக்கும் கூடாது, ஏன் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி, நோயாளியின் வாயாலேயே திருப்பிக் கேட்டோம். மனைவி, மகன், மருமகன் யார் பதில் சொன்னாலும் கேட்டுக்கொண்டு, அதே கேள்வியைக் கண்ணுக்குச் சொந்தக்காரரிடமும் கேட்டோம். குறைந்த அழுத்தம் கண்டால் சாயம் விடாமல் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்குக் கொடுக்கிற தாளில் முதல் வரியை ஜெசீமா சொல்லித் தந்தார்: கண்ணில் தண்ணி வடிந்தால், வலித்தால், மங்கினால், உடனே சொல்லுங்கள், கத்திச் சொன்னாலும் பரவாயில்லை. மேலிடத்தில் ஒருவர் அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளையும் வெட்டச் சொன்னார். நாங்கள் வெட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு விடுமுறைக் காலையில், அவரைப் பார்க்கக் கண்டக்குழிக்குப் போனேன். மீன் வாங்க என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் அந்தக் கண் கிளினிக்குக்கு வெளியே எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கத்தான்.

கரையில் சத்தமே இல்லை. ஏலம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கிட்டப் போனால், நாற்பது ஐம்பது பேர் ஒரு பிளாஸ்டிக் கதிரையைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். கதிரையில் ஹனீபா. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, பள்ளியில் பாடம் ஒப்புவிக்கிற குரலில் விலை கூறிக்கொண்டிருந்தார். தடை முடிந்தும் மெல்லத்தான் கூறுவார் என்று தெரிந்ததும் வியாபாரிகள் கிட்ட வந்திருக்கிறார்கள். கிட்ட வந்தவர்கள் கதைத்தால் மற்றவர்கள் அதட்டுகிறார்கள். கதிரைக்கு வலப்பக்கம் மணலில் ஒரு வலைக் கயிறு நீளமாகக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. ஒரு புது ஆள் அங்கே போய் நிற்கப் பார்த்தார். நிலாம் அவருடைய தோளைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தார்.

“கயித்துக்கு அங்கால நிக்காத. அங்க நிண்டா நீ மவுத்து, செத்த ஆள். இங்க வா, மனிசனுக்கு முன்னால.”

நான் அந்தக் கயிற்றைப் பார்த்தேன். எங்கள் இயந்திரம் வரைந்த படத்தில் கறுப்பு எங்கே தொடங்கியதோ, கிட்டத்தட்ட அதே கோட்டில் கிடந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நிலாமைக் கேட்டேன். “நான் நடந்து போனன். அவன் என்னத் தெரியல்ல எண்ட இடத்துல போட்டன்” என்றார். நாங்கள் அந்தப் படத்தை எடுக்க இரண்டு தடவை மினக்கெட்டோம்.

வெயில் கண்ணில் அடித்தது. நெற்றிக்கு மேலே கையை வைத்து மறைத்தேன்.

“டொக்டர் நோனாவுக்கு” என்றார் ஹனீபா, அதே அமைதியான குரலில்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார்கள். விளிம்பு வரைக்கும் சூடை மீன்.

“நான் கேட்கல்ல! வெயிலுக்குத்தான் கையை வைச்சேன்!”

“கை தூக்கினீங்க நோனா. நான் கண்டன்.”

நியாயத்துக்காக நிலாமைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே என் காரின் பின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

“அவன் கண்டா கண்டதுதான்” என்றார்.